நாகைக்கும் ஈப்போவுக்கும் எத்தனை நாள்?



சில ஆண்டுகளுக்கு முன் ஈப்போவில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் ஊர்ப்பெயர்களைப் பற்றிப் பேசி முடித்தபோது, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, நாகப்பட்டினம் இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். வரைபடத்தை விரித்து அளந்தால் இதற்கு விடை எளிது. நாகப்பட்டினத்திற்கும் பினாங்கிற்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 1260 கடல் மைல், அதாவது 2330 கிலோமீட்டர். பினாங்கிலிருந்து ஈப்போவுக்கு நிலவழியில் நூறு மைல் சொச்சம். இந்த எண்களை நான் சொல்ல வாயெடுக்குமுன், அவளருகில் இருந்த சிறுவன், "நாலு மணி நேரம்" என்று விடை கூறிவிட்டான். அவள் கேட்டது தூரம். அவன் சொன்னது நேரம். வகுப்பில் எவரும் அதைப் பிழையாகக் கொள்ளவில்லை. நானும் கொள்ளவில்லை.

தொலைவை நேரத்தால் சொல்லுவது அச்சிறுவன் கண்டுபிடித்ததன்று. தமிழ் பேசுவோர் நெடுங்காலமாக அப்படித்தான் அளந்து வந்துள்ளனர். ஆயினும் அவன் விடையில் ஒரு குறை இருந்தது. அது அவன் குறையன்று; நம் பாடநூல்களும் மேடைப் பேச்சுகளும் அவனுக்குக் கற்றுக்கொடுத்த குறை. பாய்மரக் காலத்தில் மாதக்கணக்கு, நீராவிக் காலத்தில் நாட்கணக்கு, இன்று மணிக்கணக்கு, ஆகவே தொலைவு சுருங்கிவிட்டது என்று நாம் எழுதுகிறோம். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. போகும் நேரத்தை மட்டும் அளந்தால் இது சரி. போய்த் திரும்பும் நேரத்தை அளந்தால் வரலாறு வேறு வகையாகத் தெரிகிறது. அந்த இரண்டாவது கணக்கைப் பற்றியதே இவ்வுரை.

சொற்கள் காட்டும் அளவு

பழைய நில அளவைகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். கூப்பிடு தூரம் என்பது ஒருவன் குரல் எட்டும் எல்லை. நாழிகை வழி என்பது ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், ஆள் நடந்து கடக்கும் வழி. ஏறத்தாழ ஒன்றரை மைல் எனக் கொள்ளலாம். காதம் என்பது அவற்றினும் பெரியது. நூலுக்கு நூல், வட்டாரத்திற்கு வட்டாரம் அதன் அளவு வேறுபட்டாலும் பத்து மைல் அளவில் வைத்துப் பேசுவது வழக்கம். முதலிரண்டும் மனித உடம்பைக் கொண்டே அமைந்தவை என்பதைக் கவனியுங்கள். ஒன்று குரல், மற்றொன்று கால். நாழிகை வழி என்னும் தொடரில் காலமும் இடமும் ஒரே சொல்லாக ஒட்டிக் கிடக்கின்றன. நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்று வகுத்த தொல்காப்பியத்தின் மரபில் வந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களை இங்கே நினைவுகூர வேண்டும். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கற்களில் நாவற்றாவளம் என்னும் ஊருக்கு இத்தனை காதம் என எழுத்தில் பொறித்ததோடு, அவ்வெண்ணைக் குழிகளாகவும் செதுக்கியுள்ளனர். பெருங்குழி பத்தைக் குறிக்கும்; சிறுகுழி ஒன்றைக் குறிக்கும். எழுதப் படிக்கத் தெரியாத வழிப்போக்கனும் விரலால் தடவித் தொலைவை அறியலாம். இருட்டிலும் படிக்கலாம். இக்காலச் சாலைப் பலகை எதற்கும் இந்தச் சிறப்பு இல்லை.

மலாயாவுக்கு வந்த தமிழர் இந்த அளவைகளைத் தோட்டத்திற்குக் கொண்டுவரவில்லை. இங்கே சாலையோரத்தில் மைல் கற்கள் இருந்தன. அவற்றைக் 'கட்டை' என்றனர். மூன்றாங்கட்டை, ஏழாங்கட்டை என்று தோட்டமும் கடைத்தெருவும் பெயர் பெற்றன. இச்சொல் எங்கிருந்து வந்தது? மலாய் மொழியில் மைலுக்குப் 'பத்து' என்று பெயர், பொருள் கல். தமிழ்நாட்டில் பெருவழக்கு 'கல்', 'மைல் கல்'. அண்டை மொழியைப் பார்த்துப் பெயர்த்திருந்தாலும், தாய்நாட்டு வழக்கைத் தொடர்ந்திருந்தாலும் நமக்குக் 'கல்' என்றே கிடைத்திருக்கும். ஆனால் நம் வழக்கு 'கட்டை'. இலங்கைத் தமிழில் மைலுக்குக் கட்டை என்றே வழங்குகின்றனர். பேராவில் 1885 ஜூன் முதல் நாள் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடத்தொடங்கிய மலாயாவின் முதல் இருப்புப்பாதையை, எட்டு மைல் நீளமுள்ள அந்தப் பாதையை, இலங்கையிலிருந்து வந்த பணிப்படையினர் அமைத்தனர். பின்னர் இரயில் நிலையங்களிலும் பொதுப்பணி அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத்துக் கிராணிமார் நிறைந்தனர். சாலையை அளந்தவர் நாவிலிருந்தே சாலையின் அளவைச் சொல் தோட்டத்துக்குள் நுழைந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இங்கே மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'பத்து' என்று தொடங்கும் ஊரெல்லாம் மைல் கற்களல்ல. நமக்கு அருகில் உள்ள பத்து காஜா யானைக்கல். அது எத்தனையாவது மைல் என்று தேடி அலையவேண்டியதில்லை. மலேசியா 1970களில் மெட்ரிக் முறைக்கு மாறியபின் மைல் கற்கள் போய்விட்டன; கட்டை என்னும் சொல் மட்டும் முதியோர் பேச்சில் நின்றது. இப்போது அத்தோட்டங்களும் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டமையால், ஏழாங்கட்டை எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கும் ஆள் குறைந்துவருகிறது.

அளவைச் சொற்களைவிட இவ்வுரைக்கு முதன்மையான இன்னொரு வழக்கு உண்டு. விடைபெறும்போது நாம் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்வர். 'போய் வருகிறேன்' என்றே சொல்ல வேண்டும். இதை மங்கல வழக்கு என்று இலக்கண ஆசிரியர்கள் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நானும் பல்லாண்டு அப்படித்தான் கற்பித்தேன். ஆனால் புலம்பெயர்ந்தோர் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இதை ஓர் அளவைத் தொடராகவும் கொள்ளலாம் என்று தோன்றியது. செலவும் வரவும் சேர்ந்தே பயணம். திரும்பும் பாதி இல்லாவிட்டால் தொலைவை எந்த எண்ணால் சொல்வது?

முப்பது நாளும் ஓராண்டும்

நாகைக்கும் இக்கரைக்கும் இடைப்பட்ட கடலை எத்தனை நாளில் கடந்தனர் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எண், தமிழில் அன்று, சீனத்தில் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த யீ சிங் என்னும் பௌத்தத் துறவி, தம்மைப்போலவே மேற்கே பயணம் செய்த துறவியர் பலரின் வரலாற்றை எழுதிவைத்தார். அவர்களுள் ஊ சிங் என்பவர் கெடாவிலிருந்து குளிர்காலத்தின் இறுதியில் புறப்பட்டு, மேற்கே முப்பது நாள் கடலோடி நாகப்பட்டினத்தை அடைந்தார். அங்கிருந்து இரண்டு நாளில் இலங்கைக்குச் சென்றார். இதே யீ சிங், தாம் கெடாவிலிருந்து வடக்கே பத்து நாளுக்குச் சற்று மேல் சென்று ஆடையணியாத மக்களின் தீவைக் கண்டதாகவும் கூறுகிறார். அத்தீவை நிக்கோபார் என்று ஆய்வாளர் கொள்வர். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் கடாரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் மாநக்கவாரமும் அதுவே.

இந்த இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று சரிபார்க்க முடியும். கெடாவிலிருந்து நாகை வரை ஏறத்தாழ 1260 கடல் மைல். முப்பது நாளில் கடந்தால் நாளொன்றுக்கு 42 கடல் மைல். கெடாவிலிருந்து நிக்கோபார் வரை ஏறத்தாழ 400 கடல் மைல். பத்து நாளில் கடந்தால் நாளொன்றுக்கு 40. இரண்டும் பொருந்துகின்றன. ஆகவே யீ சிங் கேள்விப்பட்டதைப் பெருக்கி எழுதியவரல்லர் என்று நம்பலாம். நாளொன்றுக்கு 42 கடல் மைல் என்றால் மணிக்கு மூன்று கிலோமீட்டர் சொச்சம். நாழிகை வழி நடப்பவனின் வேகத்தில் ஏறத்தாழ பாதிதான். கப்பல் ஆளைவிட மெதுவாகச் சென்றது. ஆனால் இரவிலும் சென்றது. அதனால் ஒரு நாளில் ஐந்து காதம் கடந்தது.

எனினும் முப்பது நாள் என்பது பயணத்தின் பாதிக் கணக்கே. வடகிழக்குப் பருவக்காற்று மேற்கே கொண்டுசெல்லும். தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே கொண்டுவரும். ஒரு காற்றில் வந்தவர் மறு காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். நாகையில் வைகாசி ஆனி மாதங்களில் கப்பலேறிய வணிகன் ஒரு மாதத்தில் கடாரக் கரையை அடைந்துவிடலாம். ஆனால் மார்கழி தைக்கு முன் திரும்ப முடியாது. கடலில் கழிந்தது இரண்டு மாதம், கரையில் கழிந்தது ஏறத்தாழ அரையாண்டு. ஊர் வாசலிலிருந்து ஊர் வாசல் வரை எண்ணினால் ஓராண்டில் பெரும்பகுதி. அக்காலத்தில் நாகைக்கும் கடாரத்திற்கும் உள்ள தொலைவு என்ன என்று என்னைக் கேட்டால், ஓர் ஆண்டு என்பேன்.

இந்தக் காத்திருப்பை வீணான காலம் என்று எண்ணிவிடக் கூடாது. பண்டம் விற்பதும் வாங்குவதும் கணக்கு முடிப்பதும் அப்போதுதான் நிகழ்ந்தன. மொழிகள் கலந்ததும் அப்போதுதான். நம் 'கப்பல்' மலாயில் 'காப்பால்' ஆனதும், நம் 'கடை' 'கெடாய்' ஆனதும், நம் 'கட்டில்' 'காத்தில்' ஆனதும் காற்றுக்குக் காத்திருந்தவர்களின் கொடை என்று சொல்லத் தோன்றுகிறது. ஸ்ரீவிஜய மன்னர் நாகையில் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கிய செய்தியை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. அயலூரில் மாதக்கணக்கில் தங்க நேர்ந்தவர்களுக்கு வழிபாட்டிடம் தேவைப்பட்டிருக்கும் என்பதையும் அச்செய்தியோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

1786இல் பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றம் அமைந்தபின்னும் இந்தச் சுழற்சி மாறவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல்கள் ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேர் வரை கொண்டுவருகின்றன என்று பிரான்சிஸ் லைட் 1794இல் குறிப்பிட்டார். அவர்களுள் பெரும்பாலோர் சிறிது பொருளீட்டியதும் திரும்பிச் சென்றவர்கள். போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள். சொன்னபடி செய்ய முடிந்தவர்கள்.

நீராவி சுருக்கியதும் நீட்டியதும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவிக் கப்பல் வந்தது. காற்றைப் பாராமல் எந்த மாதமும் ஓடும் கப்பல் அது. மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல் வேகத்தில் சென்றால் 1260 கடல் மைலை நாலரை நாளில் கடந்துவிடலாம். நடைமுறையில் ஐந்தாறு நாள் ஆனது. முப்பது நாள் ஆறு நாளாயிற்று. 1871க்குள் சென்னையையும் பினாங்கையும் கடலடித் தந்திக் கம்பி இணைத்துவிட்டது. சரக்கின் விலைச் செய்தி மணிக்கணக்கில் கடல் தாண்டியது. தொலைவு சுருங்கிற்று என்னும் கூற்றுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆனால் யாருக்குச் சுருங்கிற்று? ஒப்பந்தக் கூலியாக வந்தவர் பெரும்பாலும் மூன்றாண்டுக்குக் கட்டுப்பட்டார். வழிச்செலவும் முன்பணமும் அவர் பெயரில் கடனாக எழுதப்பட்டன. கூலியில் அக்கடன் தீராவிட்டால் மூன்றாண்டு நான்காகும், ஐந்தாகும். பாய்மரத்தில் வந்த வணிகனின் போய்வரும் தொலைவு ஓராண்டு. ஐந்து மடங்கு விரைவான கப்பலில் வந்த தோட்டத் தொழிலாளியின் போய்வரும் தொலைவு மூன்றாண்டுக்கும் மேல். கப்பல் விரைந்தது, ஊர் விலகியது. நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

இங்கே 'செலவு' என்னும் சொல்லை ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும். சங்க இலக்கியத்தில் செலவு என்றால் செல்லுதல், பயணம். தலைவன் புறப்பட எண்ணித் தயங்கும் துறைக்குச் செலவழுங்குதல் என்றே பெயர். இன்று செலவு என்றால் பணம் கொடுத்தல். சொற்பொருள் மாற்றத்திற்கு எடுத்துக்காட்டாக இதை வகுப்பில் சொல்லுவோம். தோட்டத்துப் பாட்டாளியிடம் அந்த இரண்டு பொருளும் பிரியவே இல்லை. அவர் சென்ற செலவே அவர் தலையில் செலவாக ஏறியது.

ஒப்பந்த முறை மலாயாவில் 1910இல் ஒழிந்தது. அதற்கு முன்பே, 1907இல் இந்தியக் குடிநுழைவுக் குழுவும் அதன் நிதியும் ஏற்பட்டு, கங்காணி வழியாக வந்தவருக்குக் கப்பல் கட்டணம் அந்நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. சட்டப்படி அவர் கடனாளியல்லர். இது பெரிய மாற்றம்தான்; மறுப்பதற்கில்லை. ஆயினும் வருவதற்குக் கட்டணம் இல்லை என்பது திரும்புவதற்கும் இல்லை என்று பொருள்படாது. தோட்டக்கூலியில் மிச்சம் பிடித்து ஒரு குடும்பத்துக்குக் கப்பல் சீட்டு வாங்க எத்தனை ஆண்டு ஆகும் என்பதே அவர்களுடைய தொலைவு அளவை.

வரும் வழியையும் வெறும் ஆறு நாள் என்று எழுதுவது சரியன்று. ஊரிலிருந்து கங்காணியுடன் நடந்தோ வண்டியேறியோ இரயிலடிக்கு வந்து, ஆவடியிலோ நாகையிலோ உள்ள முகாமில் மருத்துவச் சோதனையும் அம்மைப்பாலும் முடியும்வரை காத்திருக்க வேண்டும். நாகையில் கப்பல் கரையை அணையாது. கடலில் நங்கூரமிட்டு நிற்கும். அலைமேல் படகில் சென்று ஏணியேற வேண்டும். பிறகு கப்பலின் தளத்தில் பாய் விரித்து ஆறு நாள். பினாங்கு கண்ணுக்குத் தெரிந்த பின்னும் இறங்க விடமாட்டார்கள். ஜெரெஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் நாட்கணக்கில் இருத்துவார்கள். அதன்பின் பிறைக்குப் படகு, அங்கிருந்து இரயில். 1903இல் பிறையிலிருந்து சிரம்பான்வரை இருப்புப்பாதை தொடர்ந்துவிட்டதால் ஈப்போவும் சுங்கை சிப்புட்டும் பினாங்கிலிருந்து சில மணி நேரத்தில் எட்டும் ஊர்களாயின. அதற்கு முன் கிந்தாப் பள்ளத்தாக்குக்கு ஆற்று வழியே பெருவழி. கிந்தா ஆற்றில் படகு ஏறிவரக்கூடிய மேலெல்லையில் அமைந்ததாலேயே ஈப்போ ஊராயிற்று. நிலையத்தில் இறங்கியபின் மாட்டுவண்டியிலோ லாரியிலோ தோட்டத்துக்குச் சென்று லயத்தில் மூட்டையை இறக்குவார்கள். இவற்றையெல்லாம் கூட்டினால் இரண்டு மூன்று வாரம் ஆகிவிடும். ஊ சிங்கின் முப்பது நாளுக்கு அது மிகவும் குறைந்ததன்று.

இந்தக் கடல்வழியில் ஓடிய கப்பல்களுள் நம் மக்கள் நினைவில் நிற்பது ரஜூலா. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்திற்காக 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தளத்துப் பயணிகள். சென்னை, நாகை, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று சென்று அவ்வழியே திரும்பும். சென்னையிலிருந்து பினாங்கு 1275 கடல் மைல் அளவு, நாகையிலிருந்து 1260. எவ்வூரில் ஏறினாலும் கடல் ஏறத்தாழ ஒன்றே. அதே ஆண்டில் அதே வழிக்காகக் கட்டப்பட்ட ரோனா என்னும் கப்பல் போரில் படைகளை ஏற்றிச்சென்றபோது, 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் குண்டுவீச்சில் மூழ்கியது. அமெரிக்கப் படைவீரர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டனர். அக்கப்பல் நாகையிலிருந்து நம் பாட்டன்மாரை ஏற்றிவந்த கப்பல் என்பதை இங்கே எத்தனை பேர் அறிவர்?

வழி அடைபட்ட ஆண்டுகள்

1938இல் இந்திய அரசு, உதவி பெற்று வெளிநாடு செல்லும் உடலுழைப்புத் தொழிலாளர் பயணத்தைத் தடை செய்தது. வருகை தளர்ந்தது, ஆனால் போக்குவரவு நிற்கவில்லை. 1941 டிசம்பரில் சப்பானியப் படையெடுப்பு தொடங்கியபின் அதுவும் நின்றது. ஏறத்தாழ நான்காண்டு கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. அவ்வாண்டுகளில் ஈப்போவுக்கும் நாகைக்கும் தொலைவு எவ்வளவு என்று எந்த அளவையாலும் சொல்ல இயலாது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் சயாம் பர்மா இருப்புப்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதன் நீளம் 415 கிலோமீட்டர். நாகைக்கும் பினாங்கிற்கும் உள்ள தொலைவில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவு. அங்கிருந்து திரும்பாதவர் எத்தனையோ பேர். சயாம் மரண ரயில் என்று நாம் அதைச் சொல்லும்போது அது ஒரு தொலைவின் பெயரும் ஆகும்.

போருக்குப்பின் ரஜூலா மீண்டும் ஓடியது. இப்போது தடை காற்றாலோ கடனாலோ வந்ததன்று; தாளால் வந்தது. 1953இல் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டத்திற்குப்பின் உரிய தாள்கள் இன்றி ஊருக்குச் சென்றவர் திரும்பி வருவது அரிதாயிற்று. குடியுரிமை பெற்றவரும் பெறாதவரும் ஒரே லயத்தில், ஒரே வீட்டில்கூட இருந்தனர். நிறத்தால் வேறுபட்ட அடையாள அட்டைகளே அவர்களைப் பிரித்தன. 1969 மே மாதத்துக்குப்பின், 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமாயிற்று. சிவப்பு அடையாள அட்டையுடன் முப்பது நாற்பது ஆண்டு பால்வெட்டியவர்கள் அனுமதி கிடைக்காமல் கப்பலேறினர். அறுபதாயிரம் பேர் என்று வரலாற்று நூல்கள் பொதுவாகக் கூறும். அவர்களுள் இங்கே பிறந்தவரும் உண்டு. அவர்களைப் பொறுத்தவரை எது போவது, எது வருவது? பேராவில் பிறந்த ஒருவர் நாகையில் இறங்கும்போது அவர் ஊருக்குத் திரும்பினாரா, ஊரைவிட்டுச் சென்றாரா? 'போய் வருகிறேன்' என்பதை அவர்கள் எந்தக் கரையில் நின்று சொன்னார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். பயண நேரம் அதே ஆறு நாள்தான்.

1973இல் ரஜூலா ஓய்வு பெற்றது. அதன் இடத்தில் வந்த சிதம்பரம் என்னும் கப்பலில் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். அத்துடன் அக்கடல்வழிப் பயணிகள் போக்குவரத்து முடிந்தது. யீ சிங் காலத்திலிருந்து பார்த்தால் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக மக்கள் போய்வந்த வழி ஒன்று மூடப்பட்டது. அதற்கு எங்கும் ஒரு நினைவுக்கல் நாட்டியதாக நான் காணவில்லை.

இனி அச்சிறுவனின் நாலு மணி நேரத்திற்கு வருவோம். ஈப்போவில் விடியற்காலை 5 மணிக்கு மின்சார இரயிலேறினால் இரண்டரை மணி நேரத்தில் கோலாலம்பூர். விமான நிலையம் செல்ல, காத்திருக்க, சோதனை முடிக்க நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். திருச்சிராப்பள்ளிக்குப் பறக்க ஏறத்தாழ நான்கு மணி. வெளியே வர ஒரு மணி. அங்கிருந்து தஞ்சை வழியாக நாகைக்குச் சாலையில் மூன்றரை மணி. கூட்டினால் பதினைந்து மணி நேரம். ஆனால் நாகையில் இறங்கிக் கடிகாரம் பார்த்தால் மாலை 5:30தான் ஆகியிருக்கும். பன்னிரண்டரை மணி நேரமே கழிந்ததுபோல் தோன்றும். எஞ்சிய இரண்டரை மணி நேரம் கடிகாரத்தின் விளையாட்டு. அதிலும் அரை மணி நேரம் அரசாணையால் வந்தது. 1981 டிசம்பர் 31 நள்ளிரவில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளிவைக்கப்பட்டன. அதுவரை இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணி நேர வேறுபாடு. மறுநாள் காலையிலிருந்து இரண்டரை மணி. கதிரவனைக் கேட்டால் வேறு விடை சொல்லும். ஈப்போவுக்கும் நாகைக்கும் இடையே நெடுங்கோட்டில் 21 பாகைக்குச் சற்று மேல். பாகைக்கு நான்கு நிமிடம். எனவே 85 நிமிடம். ஈப்போவில் உச்சிவேளை ஆன மூன்றரை நாழிகைக்குப்பின் நாகையில் உச்சிவேளை. கடிகாரம் அதை ஆறேகால் நாழிகை என்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோளுடன் நிறுத்திக்கொள்கிறேன். நாலு மணி நேரம் என்று மாணவர் சொன்னால் திருத்த வேண்டாம். ஒரு தாளில் நான்கு கட்டம் போடச் சொல்லி வீட்டுக்கு அனுப்புங்கள். உங்கள் குடும்பத்தில் கடல் தாண்டி முதலில் வந்தவர் யார். எந்த ஆண்டில், எந்தக் கப்பலில் வந்தார். தம் ஊர் வாசலிலிருந்து தோட்டத்து லயம்வரை எத்தனை நாள் ஆயிற்று. அதன்பின் எத்தனை முறை ஊருக்குப் போய் வந்தார். ரஜூலாவிலும் சிதம்பரத்திலும் பயணம் செய்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களையே நேரில் கேட்கச் சொல்லுங்கள். முதல் மூன்று கட்டமும் ஒருவாறு நிரம்பும். நான்காவது கட்டத்தில் பல வீடுகளிலிருந்து சுழியம் எழுதி வரும். அந்தத் தாள்களை மட்டும் தனியே எடுத்துவைத்து, அடுத்த வகுப்பில் அவற்றிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்.